படப்புத்தகமும் தோசைமாவும்: சின்னப் பிள்ளைகளுக்கு உணர்வுகளைச் சொல்லித்தருவது எப்படி?

மூன்று வயதுப் பிள்ளையிடம் "என்னடா ஆச்சு?" என்று கேட்டால், பெரும்பாலும் "பிடிக்கல" என்றுதான் பதில் வரும். காலணி போட மாட்டேன் என்று தரையில் உட்கார்ந்துவிட்டாலும் "பிடிக்கல"தான். பக்கத்து வீட்டுப் பிள்ளை பொம்மையைப் பிடுங்கிக்கொண்டாலும் அதே சொல்தான். பாலர் பள்ளி வாசலில் அம்மாவின் கையை விட மறுக்கும்போதும் அதுவேதான். முதலாவது அசதியாக இருக்கலாம், இரண்டாவது கோபம், மூன்றாவது பயம். பிள்ளைக்குள்ளே மூன்றும் தனித்தனியாகத்தான் நடக்கின்றன. தனித்தனியாகச் சொல்வதற்குத்தான் இன்னும் சொல் சேரவில்லை. திங்கட்கிழமை காலையில் மட்டும் வரும் வயிற்றுவலியும் சில நேரம் இந்த வகைதான். அது நடிப்பு இல்லை. பயந்தால் வயிறு உண்மையிலேயே வலிக்கும்.

பிள்ளைகளுக்கு உணர்வுகளைச் சொல்லித்தருவது என்றால் அவர்களை எப்போதும் சிரித்த முகத்தோடு வைத்திருப்பது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. தனக்குள் ஏதோ நடக்கிறது என்று கவனிக்க வேண்டும், அதற்குப் பெயர் சொல்லத் தெரிய வேண்டும், எதனால் வந்தது என்று யோசிக்க வேண்டும், யாரையும் அடிக்காமல் கடிக்காமல் அதை வெளியே கொண்டுவர வேண்டும். இந்த வரிசையில் நாம் அவசரப்படுவது கடைசிப் படியில்தான். "அடிக்காதே", "கத்தாதே", "அழாதே" என்று தொடங்கிவிடுகிறோம். பெயரே தெரியாத ஒன்றை அடக்கு என்றால் பிள்ளை எதை அடக்கும்?

சிங்கப்பூரில் இது பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. பாலர் பள்ளிகளுக்கான கல்வி அமைச்சின் கற்றல் கட்டமைப்பு 2022-இல் புதுப்பிக்கப்பட்டது. அதில் மொழி, எண்ணறிவு போன்றவற்றோடு சமூக, உணர்வு வளர்ச்சியும் ஒரு கற்றல் துறையாக இடம்பெற்றிருக்கிறது. ஆனால் பள்ளியில் கற்பது பெரும்பாலும் ஆங்கிலத்தில் நின்றுவிடுகிறது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்னவர்கள் சிங்கப்பூர்வாசிகளில் 2.5 விழுக்காடு. பாலர் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தமிழில் கதை வாசிப்பவள் என்ற முறையில் நான் பார்ப்பது இதுதான்: நிறம், எண், விலங்கின் பெயர் எல்லாம் தமிழில் வந்துவிடுகின்றன. கூச்சம், ஏமாற்றம், ஏக்கம், பொறாமை, தயக்கம் போன்றவை வருவதில்லை. இவை பாடப் பட்டியலிலிருந்து வரக்கூடிய சொற்கள் இல்லை. மடியில் உட்கார்ந்து கதை கேட்கும்போதும், அடுப்படியில் பக்கத்தில் நிற்கும்போதும்தான் வரும். அதனால்தான் படப்புத்தகத்தையும் சமையலறைக் கைவேலையையும் சேர்த்து எழுதுகிறேன்.

பெயர் சொன்னால் என்ன நடக்கிறது?

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் மேத்யூ லீபர்மன் என்ற உளவியலாளரின் குழு 2007-இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. பெரியவர்களிடம் கோபமான முகங்களையும் பயந்த முகங்களையும் காட்டி, மூளை எப்படி இயங்குகிறது என்று படம்பிடித்தார்கள். முகத்தைப் பார்த்து அதற்குப் பொருத்தமான உணர்வுச் சொல்லைத் தேர்ந்தெடுத்தபோது, ஆபத்தை உணர்ந்து பதறும் அமிக்டலா என்ற பகுதியின் பரபரப்பு குறைந்தது. நெற்றிக்குப் பின்னால் இருக்கும், நிதானத்தோடு தொடர்புடைய ஒரு பகுதி கூடுதலாக வேலை செய்தது. இது பெரியவர்களிடம் செய்த ஆய்வு. அப்படியே பிள்ளைகளுக்கும் பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் "உனக்குக் கோபம் வந்திருக்கு, இல்ல?" என்று யாராவது சொன்னதும் பிள்ளையின் தோள் சற்றே தளர்வதை வீட்டில் எல்லோரும் பார்த்திருப்போம்.

நம் தொல்காப்பியம் இந்த விஷயத்துக்கென்றே மெய்ப்பாட்டியல் என்று ஓர் இயலை ஒதுக்கியிருக்கிறது. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு. உள்ளத்தில் எழுவது உடம்பில் தெரியும் என்பதுதான் அந்த இயலின் அடிப்படை. எனக்கு அதில் மிகவும் பயன்பட்டது வேறொன்று. ஒவ்வொன்றுக்கும் நான்கு நான்கு காரணம் சொல்கிறது. அழுகைக்குச் சொல்லும் நான்கு: இளிவு, இழவு, அசைவு, வறுமை. அதாவது பிறர் தாழ்வாக நடத்துவது, இருந்ததை இழப்பது, முன்பிருந்த நிலை மாறிப்போவது, இல்லாமை. ஒரு நான்கு வயதுப் பிள்ளையின் வாரத்தில் இந்த நான்கும் வந்துபோகும். நண்பர்கள் சேர்த்துக்கொள்ளவில்லை, பலூன் பறந்துவிட்டது, தம்பி பிறந்தபின் அம்மா மடி கிடைப்பதில்லை, மற்றவர்களிடம் இருக்கும் பொம்மை தன்னிடம் இல்லை. அழுகை ஒன்றேதான், காரணம் நான்கு. "ஏன் அழறே?" என்று அதட்டாமல், இந்த நான்கில் எது என்று மனத்துக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தாலே நம் குரல் மாறிவிடும்.

எந்த வயதில் எது? பொதுவாகப் பிள்ளைகள் மகிழ்ச்சியைத்தான் முதலில் அடையாளம் காண்கிறார்கள். அடுத்து வருத்தமும் கோபமும். பயம், வியப்பு, அருவருப்பு இவற்றைப் பிரித்தறிவதற்கு இன்னும் கொஞ்சம் காலம் பிடிக்கும். வெட்கம், பெருமை, பொறாமை போன்றவற்றுக்கு, பிறர் என்னைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்ற யோசனை தேவைப்படுகிறது. அதனால் அவை பின்னால்தான் வரும். மூன்று வயதில் மூன்று சொல் போதும்.

ஏன் படப்புத்தகம்?

பிள்ளைக்குக் கோபம் வரும் நேரத்தில் அதன் முகத்தை அதனாலேயே பார்க்க முடியாது. நம் முகமும் அந்த நேரத்தில் பார்க்கும்படி இருப்பதில்லை. படப்புத்தகத்தில் இருக்கும் முகம் அசையாமல் காத்திருக்கும். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உற்றுப் பார்க்கலாம், முந்தின பக்கத்துக்குத் திரும்பிப் போய் "இங்கே சிரிச்சிட்டுத்தானே இருந்தான்?" என்று கேட்கலாம். அதைவிட முக்கியம், அது வேறு யாருடைய முகமோ. "நீ ஏன் தம்பியைத் தள்ளினே?" என்ற கேள்விக்குப் பிள்ளை வாயை இறுக மூடிக்கொள்ளும். "இந்த அக்கா ஏன் தம்பியைத் தள்ளினா?" என்று கேட்டால் மூன்று காரணம் சொல்லும். அந்த மூன்றில் ஒன்றாவது அதன் சொந்தக் காரணமாக இருக்கும்.

முதலில் புத்தகத்தின் முகம், அடுத்து தட்டில் செய்த முகம், கடைசியில் தன் முகம். இந்த வரிசைதான் நான் சொல்ல வருவது. தன் உணர்வைப் பற்றி நேரடியாகக் கேட்பதைக் கடைசிக்குத் தள்ளுங்கள்.

புத்தகம் தேர்ந்தெடுக்கும்போது கதையை விடப் படத்தைப் பாருங்கள். முகம் மட்டுமல்ல, தோள், கை, நிற்கும் விதம் எல்லாவற்றிலும் உணர்வு தெரிகிறதா? எல்லா முகமும் ஒரே சிரிப்போடு இருக்கும் புத்தகங்கள் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் இந்த வேலைக்கு ஆகாது. கடைசிப் பக்கத்தில் "ஆகவே கோபப்படக் கூடாது" என்று முடியும் புத்தகங்களை நான் எடுப்பதே இல்லை. கோபப்பட்ட பிள்ளை கடைசியில் அசடாகிவிடும் கதையும் வேண்டாம். கதையில் வரும் பிள்ளைக்குக் கோபம் வந்து, இருந்து, தணிவதைக் காட்டும் கதை நல்லது.

விலங்குகள் வரும் கதையா, மனிதர்கள் வரும் கதையா? பிள்ளைகளுக்கு முயலும் யானையும் பிடிக்கும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் டொரொண்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு கவனிக்க வேண்டியது. பகிர்ந்துகொள்வதைப் பற்றிய ஒரே கதையைச் சில பிள்ளைகளுக்கு மனிதப் பாத்திரங்களோடும், வேறு சிலருக்குச் சட்டை போட்ட விலங்குகளோடும் வாசித்தார்கள். நான்கு முதல் ஆறு வயதுப் பிள்ளைகள். மனிதர்கள் வந்த கதையைக் கேட்டவர்கள்தான் அதன்பிறகு தங்களிடம் இருந்ததை அதிகமாகப் பகிர்ந்துகொண்டார்கள். அதனால் இரண்டையும் கலந்து வைத்துக்கொள்ளுங்கள். முகத்தைப் படிக்கக் கற்றுக்கொடுக்கும் நாளில் மனித முகம் உள்ள புத்தகமாக எடுங்கள்.

புத்தகத்துக்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை. தேசிய நூலக வாரியத்தின் பொது நூலகங்களில் தமிழ்ப் படப்புத்தகங்கள் இருக்கின்றன. இரவல் காலம் மூன்று வாரம். ஒரே புத்தகத்தைப் பத்துமுறை வாசிக்கச் சொல்லும் வயதுக்கு இது சரியான அளவு. இந்தியாவின் பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையத்தளத்தில் தமிழ்ப் படக்கதைகளை இலவசமாகவே படிக்கலாம், அச்செடுக்கவும் செய்யலாம். பிடித்த புத்தகம் ஆங்கிலத்தில்தான் கிடைத்தது என்றாலும் சரி, எழுத்தை விட்டுவிட்டுப் படத்தைப் பார்த்துத் தமிழில் சொல்லுங்கள். ஆங்கிலம் படிக்கத் தெரியாத பாட்டி இதில் நம்மைவிடக் கெட்டிக்காரராக இருப்பார்.

நிறுத்தி நிறுத்தி வாசிப்பது

குரோவர் வைட்ஹர்ஸ்ட் என்ற ஆய்வாளர் தம் குழுவினரோடு 1988-இல் ஒரு வாசிப்பு முறையைச் சோதித்துப் பார்த்தார். பெற்றோர் வாசிக்க, பிள்ளை கேட்க என்றில்லாமல், பெற்றோர் கேள்வி கேட்டுப் பிள்ளையைக் கதைசொல்ல வைக்கும் முறை. இரண்டு வயதை ஒட்டிய பிள்ளைகள், ஏறத்தாழ ஒரு மாதம். வழக்கம்போல வாசித்த வீட்டுப் பிள்ளைகளைவிட இவர்களின் பேச்சு முன்னேறியிருந்தது. உணர்வுகளைப் பேசவும் இதே முறை நன்றாகக் கைகொடுக்கும்.

முதல் தடவை நிறுத்தாமல் வாசித்துவிடுங்கள். கதை என்ன ஆகும் என்ற ஆவலில் இருக்கும் பிள்ளையை நடுவில் கேள்வி கேட்டால் எரிச்சல்தான் வரும். இரண்டாவது தடவை, முகம் பெரிதாகத் தெரியும் ஒரு பக்கத்தில் மட்டும் நில்லுங்கள். படத்தில் உள்ளவரின் வாயை உங்கள் உள்ளங்கையால் மறைத்து, "கண்ணை மட்டும் பாரு, என்ன தெரியுது?" என்று கேளுங்கள். அப்புறம் கையை எடுங்கள். "நீயும் அதே மாதிரி முகத்தை வெச்சுக் காட்டு பார்க்கலாம்." பிள்ளை புருவத்தைச் சுருக்கி உதட்டைப் பிதுக்கும். அந்த நேரத்தில் சொல்லைக் கொடுங்கள்: "ம்ம், ஏமாந்துபோன முகம்."

கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். இதுதான் பெரியவர்களுக்குக் கஷ்டம். பிள்ளை யோசிப்பதற்குள் நாமே பதிலைச் சொல்லிவிடுகிறோம். தப்பாகச் சொன்னாலும் திருத்த வேண்டாம். பயந்த முகத்தைப் பார்த்துக் "கோபம்" என்றால், "எப்படிக் கண்டுபிடிச்சே?" என்று கேளுங்கள். பதிலில் ஏதாவது நியாயம் இருக்கும். உண்மையிலேயே பயமும் கோபமும் சில முகங்களில் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

தோசை முகம்

இப்போது அடுப்படிக்கு வருவோம். ஏன் சாப்பாடு? தாளும் வண்ணமும் போதாதா? போதும்தான். ஆனால் வரைந்த முகத்தை மாற்ற முடியாது. தட்டில் வைத்த முகத்தை விரல் நுனியால் நகர்த்தினால் மாறிவிடும். அதோடு, கை வேலையில் இருக்கும்போது பிள்ளையின் வாய் தானாகத் திறக்கும். நேருக்கு நேர் உட்கார்ந்து கேட்கும் கேள்வியைவிட, பக்கத்தில் நின்று காரட் நறுக்கிக்கொண்டே கேட்கும் கேள்விக்குப் பதில் வேகமாக வரும்.

உள்ளங்கை அளவில் ஒரு குட்டித் தோசை சுட்டு ஆறவிடுங்கள். கண்ணுக்கு இரண்டு வெள்ளரி வில்லை, கண்மணிக்குச் சின்னத் துண்டு பேரீச்சம்பழம். வாய்க்கு ஒரு கீற்றுத் தக்காளி. புருவத்துக்கு இரண்டு கறிவேப்பிலை. இந்தக் கறிவேப்பிலையில்தான் எல்லாமே இருக்கிறது. இரண்டு இலையின் உள்முனையும் மூக்கை நோக்கிக் கீழே இறங்கினால் கோபம். அதே உள்முனைகளை மேலே தூக்கி வெளிமுனைகளைச் சரித்தால் வருத்தம். இரண்டையும் கண்ணைவிட்டு உயரத் தூக்கி, வாய்க்கு வட்டமாக, வேகவைத்த ஒரு காரட் வில்லை வைத்தால் வியப்பு. கண்ணும் மூக்கும் அப்படியே இருக்க, இலையை மட்டும் திருப்பினால் வேறு ஆளாகிவிடுகிறது. பிள்ளையின் கையில் இலையைக் கொடுத்துவிட்டு நீங்கள் சும்மா இருங்கள். ஒரு நிமிடத்துக்குள் முகம் பலமுறை மாறும். உணர்வு என்பது வரும், மாறும், போகும் என்று நாம் வாயால் விளக்கி எந்த நான்கு வயதுப் பிள்ளைக்கும் புரியவைக்க முடியாது. இரண்டு கறிவேப்பிலையைத் திருப்பும்போது அதுவாகவே கண்டுகொள்ளும்.

எனக்குத் தெரிந்த ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் ஞாயிற்றுக்கிழமைக் காலைப் பலகாரமே இப்படித்தான். வீடு மாறிப் போகும் ஒரு சிறுமியின் கதையை வாசித்துவிட்டு, பாட்டியும் பேத்தியும் தோசையில் அந்தச் சிறுமியைச் செய்துகொண்டிருந்தார்கள்.

"பாட்டி, இவளுக்குக் கோபம்."

"அப்படியா? எதுல தெரியுது?"

"புருவத்துல."

பேத்தி இலையைக் கொஞ்சம் திருப்பினாள். இன்னும் கொஞ்சம் திருப்பினாள்.

"இல்ல பாட்டி. பயம்."

"எதுக்குப் பயப்படுறா?"

"புது ஸ்கூல்ல யாரும் அவகூட உட்கார மாட்டாங்க."

பாட்டி உடனே ஆறுதல் சொல்லவில்லை. "அது பயமாத்தான் இருக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த தோசையை ஊற்றினார். அந்த வாரம்தான் அந்தப் பிள்ளையை வேறு பாலர் பராமரிப்பு நிலையத்துக்கு மாற்றியிருந்தார்கள். புத்தகத்தில் வந்த சிறுமி வீடுதான் மாறினாள், பள்ளிக்கூடத்தைப் பற்றி அந்தக் கதையில் ஒரு வரிகூட இல்லை.

தோசைக்குப் பதில் சப்பாத்தி, ரொட்டித் துண்டு, இட்லி எதுவானாலும் சரி. இடியாப்பத்தைத் தலைமுடியாக வைத்தால் பிள்ளைகள் குதூகலமாகிவிடுவார்கள். கொழுக்கட்டை மாவும் சப்பாத்தி மாவும் வேறொரு விதத்தில் நல்லவை. பிசையவும் குத்தவும் அழுத்தவும் இடம் கொடுக்கும். கோபத்தைப் பற்றிய கதைக்குப் பிறகு மாவு பிசைவது பொருத்தமாக இருக்கும்.

முகத்தைச் செய்து முடித்தபின் ஒரு விஷயம் நடக்கும், தயாராக இருங்கள். சில பிள்ளைகள் அதைச் சாப்பிட விடமாட்டார்கள். "வெட்டாதீங்க, வலிக்கும்!" என்று அழக்கூட அழுவார்கள். "சும்மா தோசைதானே" என்று தள்ளிவிடாதீர்கள். ஒரு முகத்தைச் செய்து, அதற்கு வருத்தம் என்று பெயரிட்டு, இப்போது அதற்காகப் பிள்ளை வருந்துகிறது. நாம் கற்றுக்கொடுக்க நினைத்தது இதைத்தான். முகத்தைச் சிரிக்க வைத்துவிட்டுச் சாப்பிடலாமா, காதிலிருந்து தொடங்கலாமா என்று பிள்ளையையே முடிவு செய்ய விடுங்கள். வேண்டாம் என்றால் அன்றைக்கு முகம் இல்லாத தோசையைக் கொடுங்கள்.

நிறம் மாறும் சங்குப்பூ

காரணத்தைப் பேசுவதற்கு ஒரு தனி வேலை இருக்கிறது. நம் ஊரில் வீவக தாழ்வாரத் தொட்டிகளிலும் சமூகத் தோட்டங்களிலும் நீலச் சங்குப்பூக் கொடி படர்ந்திருப்பதைப் பார்க்கலாம். மலாய்க்காரர்கள் புங்கா தெலாங் என்பார்கள், நாசி கெராபு சாதத்துக்கும் பெரனாக்கான் (சீன, மலாய் மரபுகள் கலந்த சமூகம்) பலகாரங்களுக்கும் நீலம் வருவது இந்தப் பூவால்தான். மருந்து அடிக்காத பூவாகப் பார்த்து, தோட்டத்துக்காரரிடம் கேட்டுப் பறியுங்கள். காய்ந்த பூ கடையிலும் கிடைக்கும்.

வெந்நீரில் நாலைந்து பூவைப் போட்டால் தண்ணீர் ஆழ்ந்த நீலமாகும். ஆறியதும் கண்ணாடித் தம்ளரில் ஊற்றி, பிள்ளையை எலுமிச்சை பிழியச் சொல்லுங்கள். துளி விழுந்த இடத்தில் ஊதா படரும். பூவில் இருக்கும் அந்தோசயனின் என்ற நிறப்பொருள் புளிப்புப் பட்டதும் நிறம் மாறுவதுதான் காரணம். அடுத்ததாகக் கதைக்குத் திரும்புங்கள். "காலையில அந்தப் பையன் நல்லாத்தானே இருந்தான்? அவனுக்கு எலுமிச்சைத் துளி எது?" ஐந்து வயதுப் பிள்ளைகள் இந்தக் கேள்வியை அப்படியே பிடித்துக்கொள்வார்கள். சில நாள் கழித்து, பள்ளியிலிருந்து முகம் தொங்கி வரும்போது "இன்னிக்கு எலுமிச்சை எது?" என்று நீங்களும் கேட்கலாம்.

நீலம் என்றால் வருத்தம், சிவப்பு என்றால் கோபம் என்று நிறத்துக்கு உணர்வைக் கட்டிப்போட வேண்டாம். நம் வீடுகளில் சிவப்பு குங்குமத்தின் நிறம், சீனப் புத்தாண்டுக்குப் பள்ளியில் எல்லோரும் உடுத்துவதும் சிவப்பு. அது கோபத்தின் நிறம் என்று பிள்ளை ஏன் நம்ப வேண்டும்? "உன் கோபம் என்ன நிறம்?" என்று கேளுங்கள், பதிலைக் கேட்டு ரசியுங்கள்.

கவனிக்க வேண்டியவை

ஐந்து வயதுக்குக் கீழே மூச்சுக்குழாய் அடைப்புதான் பெரிய ஆபத்து. திராட்சையையும் குட்டித் தக்காளியையும் முழுதாகவோ குறுக்கே வட்டமாகவோ வைக்காதீர்கள், நீளவாக்கில் நான்காகக் கீறுங்கள். முழு முந்திரி, வேர்க்கடலை, பொரிசோளம் வேண்டாம். பச்சைக் காரட்டைத் துருவலாகவோ வேகவைத்தோ பயன்படுத்துங்கள். ஓடிக்கொண்டே சாப்பிடக் கூடாது. நாலு வீட்டுப் பிள்ளைகள் சேர்ந்து செய்வதாக இருந்தால், ஒவ்வாமை உண்டா, சைவமா, ஹலாலா என்று முன்பே கேட்டுவிடுங்கள். ஜெல்லி மிட்டாய்களில் பலவற்றில் விலங்கிலிருந்து எடுத்த ஜெலட்டின் இருக்கும். காய்கறி, பழம், அரிசி மாவு என்று நின்றால் பெரும்பாலும் சிக்கல் இல்லை.

சாப்பாட்டை வைத்து விளையாடுவதா என்று பெரியவர்கள் சிலர் முகம் சுளிப்பார்கள். அவர்கள் சொல்வதில் எனக்கு உடன்பாடு உண்டு. அதனால்தான் வீணாகும் அளவுக்கு எதையும் செய்யச் சொல்லவில்லை. ஒரு பிள்ளைக்கு ஒரு தோசை, செய்தது சாப்பாட்டு நேரத்துக்கே, பசையும் மினுமினுப்பும் கிட்டவே வரக்கூடாது.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். உணர்வைப் பற்றிச் சாப்பாட்டை வைத்துப் பேசுவது வேறு, உணர்வை அடக்கச் சாப்பாட்டைக் கொடுப்பது வேறு. "அழாதே, இந்தா பிஸ்கட்" என்பது நம் எல்லார் வீட்டிலும் உள்ள பழக்கம், அன்பினால் வருவதுதான். ஆனால் வருத்தம் வந்தால் வாயில் ஏதாவது போட வேண்டும் என்றுதான் பிள்ளை அதிலிருந்து கற்றுக்கொள்கிறது, பசிக்கும் வருத்தத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் போகிறது. ஆகவே தோசை முகத்தைப் பிள்ளை அமைதியாக இருக்கும் நாளில் செய்யுங்கள். அழுகையை நிறுத்தும் பரிசாக அதைக் காட்ட வேண்டாம்.

உண்மையிலேயே கோபம் வந்த நேரத்தில்

முஸ்தபா கடை வாசலில் பிள்ளை தரையில் புரண்டு அழும்போது கறிவேப்பிலைப் புருவத்தைப் பற்றிப் பேசிப் பயனில்லை. அப்போது பாடம் ஏறாது. பக்கத்தில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, இரண்டு சொல் போதும்: "கோபம் வந்திருக்கு. நான் இங்கதான் இருக்கேன்." அடித்தாலோ கடித்தாலோ கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். "கோபம் வரலாம். கடிக்கக் கூடாது." பேச்சை வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, தூங்கி எழுந்தபின் வைத்துக்கொள்ளலாம்.

"ஆம்பளப் பிள்ளை அழலாமா", "பொட்டப் பிள்ளைக்கு இவ்வளவு கோபமா", "அழுதா போலீஸ் பிடிச்சிட்டுப் போயிடும்" என்ற மூன்றையும் விட்டுவிடுங்கள். முதல் இரண்டும் ஒருவருக்கு அழுகையையும் ஒருத்திக்குக் கோபத்தையும் மறுக்கின்றன. மூன்றாவது, தொலைந்துபோனால் உதவி கேட்க வேண்டிய ஆளிடமே பிள்ளையைப் பயப்பட வைக்கிறது.

வீட்டில் என்ன செய்தும் பல வாரமாக பிள்ளை தூங்காமல், சாப்பிடாமல், பேச்சைக் குறைத்துக்கொண்டு, முன்பு பிடித்த விளையாட்டையும் தொடாமல் இருந்தால், முதலில் பாலர் பள்ளி ஆசிரியரிடம் பேசுங்கள். பலதுறை மருந்தக மருத்துவரிடம் சொன்னால், தேவைப்பட்டால் கேகே மகளிர், சிறார் மருத்துவமனையிலோ தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையிலோ உள்ள பிள்ளை வளர்ச்சிப் பிரிவுக்கு அனுப்பிவைப்பார். அதற்குத் தயங்க வேண்டியதில்லை.

ஒரே முகத்தில் இரண்டு

ஐந்து, ஆறு வயதில் இன்னொரு கட்டம் வருகிறது. ஒரே நேரத்தில் இரண்டு உணர்வு இருக்க முடியும் என்று சின்னப் பிள்ளைகளுக்குப் புரியாது. சந்தோஷம் என்றால் சந்தோஷம், பயம் என்றால் பயம். இரண்டும் சேர்ந்திருக்கும் என்பது தொடக்கப்பள்ளிக்குப் போகும் வயதை ஒட்டித்தான் மெல்ல விளங்கத் தொடங்குகிறது. அதற்கு ஒரு தோசை உண்டு. நடுவில் நீளமாக ஒரு வெங்காயத்தாளை வைத்து முகத்தை இரண்டாகப் பிரியுங்கள். இடப்பக்கம் புருவம் உயர்ந்து உதடு மேலே வளைந்த பாதி, வலப்பக்கம் புருவம் சரிந்து உதடு கீழே இறங்கிய பாதி. "இந்தப் பக்கம் என்ன நினைக்குது? அந்தப் பக்கம் என்ன நினைக்குது?" என்று கேட்டு, இரண்டு பக்கத்துக்கும் பிள்ளையையே பேசச் சொல்லுங்கள்.

ஜனவரியில் தொடக்கநிலை ஒன்றுக்குப் போகப்போகும் பிள்ளை வீட்டில் இருந்தால் இதற்கு ஏற்ற காலம் டிசம்பர் விடுமுறை. புதுச் சீருடையும் புதுப் பையும் வந்து சேர்ந்திருக்கும். உணவகத்தில் தானே காசு கொடுத்து வாங்க வேண்டும், கழிவறை எங்கே என்று தானே கேட்க வேண்டும், பழைய நண்பர்கள் வேறு பள்ளிக்குப் போயிருப்பார்கள். முதலில் பள்ளிக்குப் போகும் பிள்ளையைப் பற்றிய ஒரு படப்புத்தகம், மறுநாள் பாதி பாதித் தோசை. சிரிக்கும் பாதி பேசி முடித்ததும், மற்றப் பாதி எதற்கெல்லாம் பயப்படுகிறது என்று பிள்ளை சொல்லச் சொல்ல ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கழிவறைக்குப் போக எப்படி அனுமதி கேட்பது, இரண்டு வெள்ளியைக் கொடுத்து மீதியை எப்படி எண்ணி வாங்குவது என்று அதில் உள்ளவற்றை விடுமுறையிலேயே ஒவ்வொன்றாக வீட்டில் பழக்கிப் பார்த்துவிடலாம்.